ஆயிரம் சொல் மனப்பாடம் செய்தும் வாக்கியத்தில் தடுக்குகிறது: ஜி.ஆர்.இ. ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிக்கிறீர்கள்?

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல ஜி.ஆர்.இ. (வெளிநாட்டுல மேற்படிப்பு சேர எழுதுற தேர்வு) எழுதப் போறேன். சிவில் இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருஷமா திருச்சியில சைட் வேலை. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குப் பகுதியில பயம் இல்லை, ஆங்கிலம்தான் கழுத்தைப் பிடிக்குது.

நான் சேர்ந்த பயிற்சி மையத்துல முதல் நாளே 1,100 சொல் உள்ள பட்டியல் ஒண்ணு கொடுத்தாங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல ஒரு வரி அர்த்தம். நாளுக்கு 40 சொல்னு ஒரே மாசத்துல முடிச்சேன். பஸ்ல, சைட்ல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடின்னு எந்நேரமும் அதே வேலை. இப்ப யார் எந்தச் சொல்லைக் கேட்டாலும் பட்டுன்னு சொல்லிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு எழுதினேன். 27 கேள்வியில 11 சரி.

மார்க்கை விட என்னை உறுத்துறது வேற. தப்பாப் போன கேள்விகள்ல பாதிக்கு மேல, ஆப்ஷன்ல இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும்!

ஒரு விமர்சகர் ஒரு நாவலுக்கு ‘குவாலிஃபைட்’ பாராட்டு கொடுத்தார்னு வந்துது. தகுதியான பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். விடையைப் பார்த்தா, அவர் குறைகளையும் சொல்லி, அளவோடதான் பாராட்டியிருக்கார். அடுத்தது ‘சாங்ஷன்’. நம்ம ஊர்ல லோன் சாங்ஷன் ஆச்சுன்னா பணம் கைக்கு வந்த மாதிரி. அந்தப் பத்தியில ஒரு நாட்டு மேல சாங்ஷன் போட்டாங்க, வியாபாரமே நின்னுபோச்சு.

மூணாவது, ஆறு ஆப்ஷன்ல ஒரே பொருள் தர்ற ரெண்டை எடுக்கிற வகை. கோபத்துல இருந்த பங்குதாரர்களை நிறுவனத் தலைவர் என்ன செய்யப் பார்த்தார்னு கேள்வி. மாலிஃபை, மிட்டிகேட், பிளகேட், அலீவியேட், அஸ்வேஜ், இன்னும் ஒண்ணு. முதல் அஞ்சுக்கும் என் நோட்டுல ‘தணி, குறை’ன்னுதான் எழுதி வெச்சிருக்கேன். எதை எடுக்கிறது? மிட்டிகேட், அலீவியேட்னு போட்டேன். தப்பு. இந்த வகையில ரெண்டுல ஒண்ணு சரியா இருந்தாக்கூட அரை மார்க் கிடையாது.

மனப்பாடம் பண்றதே தப்பா? இல்லை நான் பண்ற விதம் தப்பா? கைவசம் இன்னும் மூணு மாசம் இருக்கு.

கரிசல்காடு (2 மணி நேரம் கழித்து)

தங்கச்சி, மனப்பாடத்தை விட்றாதீங்க. நானும் தமிழ் மீடியம்தான், 2019ல எழுதினேன். நீங்க சொல்லையும் அர்த்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கீங்க. ரெண்டையும் மாட்டுறதுக்கு நடுவுல கொக்கி இல்லை. சொல்லோட சத்தத்தைப் பிடிச்சுத் தமிழ்ல ஒரு படம் போடுங்க.

என் நோட்டுல இருந்து கொஞ்சம் தர்றேன். கோபமா இருக்கிற வீட்டுக்காரிக்கு மல்லிப்பூ வாங்கிட்டுப் போனா அது மாலிஃபை. பல்லைக் காட்டிச் சமாதானம் பண்றது பிளகேட். டியூப்லைட்டுப் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற வெளிறின பல்லிதான் பேலிட். கண்டதைக் கண்டபடி சொல்றவன் கேண்டிட். லொடலொடன்னு பேசிக்கிட்டே இருக்கிறவன் லொக்வேஷஸ். ‘நாய்சம்’னு பார்த்தா சத்தம்னுதான் தோணும், ஆனா அர்த்தம் நாத்தம். ரோட்டோரம் செத்துக் கிடக்கிற நாயை நினைச்சுக்கிட்டா அப்புறம் எந்தக் காலத்துலயும் தப்பாது.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 1975ல ஸ்டான்ஃபோர்டுல ரிச்சர்ட் அட்கின்சனும் அவரோட சேர்ந்தவரும் 120 ரஷ்யச் சொல்லை எடுத்து, மூணு நாள்ல மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாங்க. இப்படி ஒலிக் கொக்கி வெச்சுப் படிச்சவங்களுக்கு 72 சதவீதம் ஞாபகம் இருந்துது. மத்தவங்களுக்கு 46 சதவீதம்தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. என் படத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. நீங்களே உங்க தெருவுல, உங்க வீட்டுல நடந்ததை வெச்சுப் பண்ணினாத்தான் ஒட்டும்.

சுண்ணக்கட்டி (மறுநாள்)

அன்புள்ள மலைக்கோட்டைக்கு, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மூன்றாவது கேள்வியிலேயே நோய் தெரிகிறது. ஐந்து சொல்லுக்கும் ‘தணி, குறை’ என்று எழுதிவிட்டீர்கள். தமிழில் நாம் அப்படியா பேசுகிறோம்? பசியை ஆற்றுகிறோம். தாகத்தைத் தணிக்கிறோம். அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறோம். முறைத்துக்கொண்டு போன சம்பந்தியைச் சமாதானப்படுத்துகிறோம். சம்பந்தியை ஆற்றினேன் என்றோ தாகத்தைத் தேற்றினேன் என்றோ ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ஒவ்வொரு வினைக்கும் அதனோடு சேர்ந்து வாழும் பெயர்ச்சொல் ஒன்று உண்டு.

ஆங்கிலமும் அப்படித்தான். மாலிஃபை, பிளகேட் இரண்டும் ஆளைத் தேடும். கோபத்தில் இருப்பவர் ஒருவர் வேண்டும். மிட்டிகேட் சேதத்தை, ஆபத்தை, பின்விளைவைத் தேடும். வெள்ளச் சேதத்தை மட்டுப்படுத்துவது அந்த வகை. அலீவியேட் என்றால் வலி, வறுமை, போக்குவரத்து நெரிசல். அஸ்வேஜ் உள்ளே கிடந்து அரிப்பதைத் தொடும்: குற்ற உணர்வு, அச்சம், பசி. பங்குதாரர்கள் ஆட்கள். ஆகவே மாலிஃபை, பிளகேட்.

பள்ளியில் ‘கடி’ என்ற உரிச்சொல் படித்திருப்பீர்கள். கடிநகர் என்றால் காவல் உள்ள நகர், கடிவேல் என்றால் கூரிய வேல், கடிமலர் என்றால் மணம் உள்ள மலர். ‘கடி’க்கு என்ன பொருள் என்று தனியாகக் கேட்டால் விடை கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். குவாலிஃபைட் அதே சாதி. மருத்துவருக்கு முன்னால் நின்றால் தகுதி. பாராட்டு, ஆதரவு, வெற்றி ஆகியவற்றுக்கு முன்னால் நின்றால் வரம்பு. சாங்ஷனுக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு. பன்மையில் வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ நின்றால் பெரும்பாலும் தடை.

மனப்பாடம் தவறா என்று கேட்டீர்கள். நம் முன்னோர் நிகண்டுகளை, அதாவது சொற்பொருள் நூல்களை, செய்யுளாக எழுதியதே மனப்பாடத்துக்காகத்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை ஒப்பித்தார்கள். அதில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. ஆனால் அது வாசலில் இருக்கும் படி. அடுத்து அவர்கள் நூல்களுக்குள் போனார்கள், அங்கே அந்தச் சொற்கள் வேலை செய்வதைப் பார்த்தார்கள். நிகண்டோடு நின்றவர் யாரும் புலவர் ஆனதில்லை.

கரிசல்காட்டுத் தம்பி சொன்ன ஆய்வு உண்மை. அதன் இரண்டாம் பாதியையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் கழித்து அதே மாணவர்களை முன்னறிவிப்பின்றிச் சோதித்தபோது, கொக்கி வைத்தவர்கள் 43 சதவீதம், மற்றவர்கள் 28. கொக்கிக்காரர்கள் அப்போதும் முன்னால்தான். ஆனால் 72 எங்கே, 43 எங்கே? மாட்டிய சொல்லை எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் கொக்கியும் சேர்ந்து துருப்பிடிக்கும்.

தறிச்சத்தம் (அன்று இரவு)

சார், மரியாதையோடவே ஒண்ணு சொல்றேன். இந்த ‘சூழலை வெச்சுப் புரிஞ்சுக்கோ’ங்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போச்சு.

நான் குமாரபாளையம். வீட்டுல விசைத்தறி. வங்கித் தேர்வுக்குப் படிச்சப்ப ஆங்கில நாளிதழ் தலையங்கத்தைத் தினமும் படி, தானா வந்துரும்னாங்க. முதல் நாள் ஒரே பத்தியில 14 சொல் தெரியலை. சுத்தி இருக்கிற சொல்லும் தெரியாதப்ப எதை வெச்சு எதை ஊகிக்கிறது? ரெண்டு மாசம் அந்தப் பத்திரிகையை வாங்கி, வாங்கி, மடிச்சு வெச்சேன்.

அப்புறம்தான் பால் நேஷன்னு நியூசிலாந்து மொழியியலாளர் ஒருத்தர் 2006ல எழுதினதைப் படிச்சேன். ஒரு எழுத்தைத் துணையில்லாமப் படிச்சுப் புரிஞ்சுக்க அதுல 98 சதவீதச் சொல் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு கணக்கு வைக்கிறார். அதாவது 50 சொல்லுக்கு ஒண்ணுதான் புதுசா இருக்கலாம். நாவலோ நாளிதழோ அந்த அளவுல படிக்க 8,000லேர்ந்து 9,000 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதுலேர்ந்து வர்ற மத்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேணுமாம். எங்க வீட்டுல ஆங்கிலப் புத்தகமே கிடையாது. சூழல்ங்கிறது ஏற்கெனவே ஆங்கிலம் உள்ளவங்களுக்குக் கிடைக்கிற வட்டி. முதலே இல்லாதவனுக்கு வட்டி எங்கேர்ந்து வரும்? பட்டியலும் கொக்கியும்தான் எங்களுக்கு முதல். அதைக் குறைச்சுப் பேசாதீங்க.

சுண்ணக்கட்டி

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் வகுப்பில் 60 பிள்ளைகள் இருந்த ஆண்டுகளில் நானும் அதே தலையங்கத்தை வெட்டிக்கொண்டு போய்ப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். யாரும் படிக்கவில்லை. எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. நான் கொடுத்த சூழல் அவர்களுடையது அல்ல.

ஆங்கிலம் தெரியாவிட்டாலும், விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தால் அதுவே சூழல் ஆகும். நடந்தது என்ன என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்க்கிறீர்கள். நேஷனின் 98 சதவீதத்தில் பாதிப் பாரத்தை அந்த அறிவு சுமக்கும். உங்களுக்கு நுனி முதல் அடி வரை தெரிந்த விஷயம் எது?

தறிச்சத்தம்

கிரிக்கெட்.

மலைக்கோட்டை

சார், நோட்டுல அந்த அஞ்சு சொல்லையும் அடிச்சுட்டுத் திரும்ப எழுதினேன். ‘மாலிஃபை: கோபமா இருக்கிற கிளையன்ட்டைச் சமாதானப்படுத்து’. ‘மிட்டிகேட்: நிலநடுக்கச் சேதத்தை மட்டுப்படுத்து’. எழுதும்போதே கவனிச்சேன், மட்டு, மிட்டி. சொல்லும் பொருளும் ஒண்ணாவே வந்துருச்சு! இப்படித் தானா அமையுறது நிறைய இருக்கா?

தறிச்சத்தம் (4 நாள் கழித்து)

சார் கேட்ட கேள்விக்காகப் பண்ணிப் பார்த்தேன். புது மேட்ச் வேணாம், நான் பந்துக்குப் பந்து பார்த்த மேட்சா எடுப்போம்னு 2020 டிசம்பர் அடிலெய்டையும், அடுத்த மாசம் சிட்னியையும் எடுத்தேன். அந்த ரெண்டு ஆட்டத்தைப் பத்தி வந்த ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடி உட்கார்ந்தேன்.

அடிலெய்டுல இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டுது. அதுக்கு ‘கபிச்சுலேட்’னு போட்டிருந்துது. அகராதியைத் தொடவே இல்லை. எனக்குத்தான் அந்தக் காலை நேரம் கண்ணுக்குள்ள நிக்குதே. எதிர்த்து நிக்காம மொத்தமா மண்டியிட்டுட்டாங்க, அதுதான் கபிச்சுலேட். அப்புறம் சிட்னி. விஹாரி தொடையில காயத்தோட 161 பந்து ஆடி 23 ரன், அஷ்வின் முதுகுவலியோட 128 பந்து ஆடி 39. ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அவுட் ஆகலை, ஆட்டம் டிரா. அதுக்கு ‘டாகட்’, ‘ஆப்டியூரேட்’னு ரெண்டு சொல். ரெண்டுக்கும் பிடிவாதம்னுதான் என் பழைய பட்டியல்ல இருக்கு. கட்டுரைகளைப் பார்த்துக்கிட்டே போனா வித்தியாசம் தட்டுப்பட்டுது. டாகட்ல ஒரு பாராட்டு இருக்கு, விடாப்பிடியா நின்னான்ங்கிற மாதிரி. ஆப்டியூரேட் கல்லு மாதிரி, மசியாதவன். மட்டையாளருக்குச் சொன்னா புகழ்ச்சியாக்கூட ஆகும். ஒரு அதிகாரிக்குச் சொன்னா திட்டு.

எக்ஸ்ட்ரா ரன்னா வாரி விடுற பௌலருக்கு ‘பிராஃப்ளிகேட்’. சொத்தை அழிக்கிற ஊதாரிக்கும் அதே சொல். இதுக்கு எனக்குக் கொக்கி தேவைப்படலை. மூணு வாரத்துல 60 சொல் சேர்த்துடுவேன்னு நம்பிக்கை இருக்கு. அந்த 14 சொல் தலையங்கத்தை நான் இன்னும் மன்னிக்கலை, ஆனா சார் சொன்ன வழி நிஜமா வேலை செய்யுது.

கரிசல்காடு

தறிச்சத்தம் அண்ணே, அருமை. படிச்ச சொல்லைத் திரும்பப் பார்க்கிற முறையையும் சொல்லிடறேன். 1885லயே எபிங்ஹாஸ்னு ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சு, படிச்சது முதல் ஒண்ணு ரெண்டு நாள்லதான் வேகமாக் கரையும், அப்புறம் மெதுவாக் கரையும்னு காட்டினார். அதனால முதல்ல அடிக்கடியும், அப்புறம் இடைவெளி விட்டும் பார்க்கணும். லைட்னர்னு ஒருத்தர் 1972ல இதுக்குப் பெட்டி முறை சொன்னார். இனிப்பு டப்பாவுல அட்டை வெச்சு அஞ்சு அறை தடுத்துக்கோங்க. எல்லா அட்டையும் முதல் அறையில. சரியாச் சொன்னா அடுத்த அறைக்குப் போகும், தப்பாச் சொன்னா எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பணும். முதல் அறை தினமும், ரெண்டாவது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அப்படியே இடைவெளி கூடிக்கிட்டே போகும். போன்ல வேணும்னா அங்கி செயலி இதே வேலையைப் பண்ணும். அந்தப் பேருக்கு ஜப்பானிய மொழியில மனப்பாடம்னுதான் அர்த்தம்.

நான் அட்டையில கொக்கியைப் பென்சில்ல எழுதுவேன். சொல் மூணாவது அறைக்குப் போனதும் அழிச்சுடுவேன். அதுக்கு மேலயும் கொக்கி இருந்தா, சொல்லைப் பார்த்ததும் பல்லி வந்து, பல்லி வழியா அர்த்தம் வரும். தேர்வுல அந்தச் சுத்துவழிக்கு நேரம் கிடையாது. 2023 செப்டம்பர்ல தேர்வைச் சுருக்கினதுக்கு அப்புறம் ஆங்கிலத்துல 27 கேள்விக்கு மொத்தமே 41 நிமிஷம்.

வடலி (அடுத்த வாரம்)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோவிலை இருக்கிறன். இழையை முழுக்க வாசிச்சன், நல்லாயிருக்கு. ஒரு விஷயம் சேர்க்க விருப்பம்.

சில சொல்லுக்குக் கொக்கியே தேவையில்லை, எங்கட பக்கத்திலை இருந்து போன சொல்லுகள் அவை. கட்டமரான் எங்கட கட்டுமரம். மல்லிகடானி சூப் மிளகுத்தண்ணி. ‘செரண்டிபிட்டி’ எண்ட சொல்லை 1754ல ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்திலை உருவாக்கினவர். செரண்டிப் எண்டது இலங்கைக்கு அரபு, பாரசீகக்காரர் வைச்ச பழைய பெயர். அந்த நாட்டு இளவரசர்கள் மூண்டு பேரின்ர கதையிலை இருந்துதான் வால்போல் எடுத்தவர். பட்டியலிலை ‘தற்செயல் அதிர்ஷ்டம்’ எண்டு போட்டிருக்கும். அது பாதிதான் சரி. அவர் தற்செயலோட கூர்மதியையும் சேர்த்துத்தான் சொன்னவர். தேடாத பொருள் கண்ணிலை படோணும், பட்டதை இன்னதெண்டு அறியிற புத்தியும் இருக்கோணும். லொத்தர் விழுந்தால் அது செரண்டிபிட்டி இல்லை.

இன்னொரு சொல்லும் எங்களிட்டை இருந்து போனது. ‘பரையா’. ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்ட நாடு எண்ட பொருளிலை ஆங்கிலத் தலையங்கங்களிலை சர்வ சாதாரணமா வருது. தேர்வுப் பட்டியல்களிலையும் இருக்கு. ஒரு சமூகத்தின்ர பெயர் அது, பறை எண்ட சொல்லிலை இருந்து வந்தது. பொருள் தெரிஞ்சிருக்க வேணும், ஏனெண்டால் கேள்வியிலை வரும். ஆனால் நான் எழுதேக்கை ஒருநாளும் பாவிக்க மாட்டன். ‘அவுட்காஸ்ட்’ இருக்கு, அது போதும். என்ர பிள்ளை பள்ளிக்கூடத்திலை இந்தச் சொல்லைக் கட்டுரையிலை எழுதிக்கொண்டு வந்தவள். இருத்தி வைச்சு எங்கையிருந்து வந்ததெண்டு சொன்னன். அடுத்த நாள் அவளே ஆசிரியருக்கு விளங்கப்படுத்தினவள்.

மலைக்கோட்டை

வடலி அண்ணா, என் பட்டியல்ல அந்தச் சொல் 700க்குப் பக்கத்துல எங்கயோ இருக்கு. ‘ஒதுக்கப்பட்டவர்’னு எழுதிட்டுத் தாண்டிப் போயிருக்கேன். அது எங்கேர்ந்து வந்துதுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. இன்னிக்குத்தான் எழுதினேன், பக்கத்துல ‘நான் பயன்படுத்தப் போறதில்லை’ன்னும் எழுதினேன்.

சுண்ணக்கட்டி

வடலி ஐயா சொன்னதற்கு என் நன்றி. அதே மூச்சில் ஓர் எச்சரிக்கை. நம் மண்ணிலிருந்து போன சொல் வேறு, நாம் கொக்கிக்காக ஒட்டவைத்த ஒலி வேறு. கட்டமரானுக்குக் கட்டுமரம் வேர். மிட்டிகேட்டுக்கு ‘மட்டு’ வேர் அல்ல, ‘மென்மை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. ‘எனர்வேட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எனர்ஜி போல ஒலிப்பதால் தெம்பூட்டுதல் என்று பலரும் எழுதுவார்கள். பொருள் நேர் எதிர், தெம்பை உறிஞ்சிவிடுதல். லத்தீனில் நரம்பைக் குறிக்கும் சொல்லோடு ‘வெளியே’ என்ற முன்னொட்டு சேர்ந்தது. நரம்பை உருவி எடுத்த உடம்பு எப்படி நிற்கும்? தமிழ் ‘நரம்பு’ம் ஒலியில் பக்கத்தில் நிற்கிறது, மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று மாணவரிடம் சொல்லிவிடாதீர்கள். கொக்கியை வேர் என்று நம்பினால் அடுத்த சொல்லில் கவிழ்ந்துபோவோம்.

உண்மை வேர் தெரிந்தால் ஒரு சொல்லுக்குப் பதில் மூன்று கிடைக்கும். கேண்டிடுக்குக் ‘கண்டபடி’ நல்ல கொக்கிதான். வேர் லத்தீனில் வெண்மை. உரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த வெள்ளை ஆடை உடுத்தி மக்கள் முன் வந்தார்கள், அதனால் கேண்டிடேட். நம் ஊர் வேட்பாளரின் வெள்ளை வேட்டியை நினைத்தால் போதும். வெண்மையாகச் சுடர்வது இன்கேண்டிசென்ட், பழைய குண்டு பல்பு. உள்ளே கறை வைக்காமல் பேசுவது கேண்டிட்.

அறியாததை அறிந்ததோடு சேர்த்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி’ என்று தொல்காப்பியர் உரியியலைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். அரிய சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து வை என்பதுதான் அவர் காட்டிய முறையும்.

காவிரிக்கரை

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு மென்டேஷஸ், மென்டிகன்ட் ரெண்டும் எப்பவும் இடம் மாறிடும். ரெண்டுக்குமே ‘மண்டி’ன்னு கொக்கி போட்டேன், அதுல இன்னும் குழப்பமாயிடுச்சு.

கரிசல்காடு

ஒரே கொக்கியில ரெண்டு சட்டையை மாட்டினா அப்படித்தான் ஆகும். மண்டியை மென்டிகன்ட்டுக்கே விட்டுடுங்க, மண்டியிட்டுக் கை நீட்டறவர், பிச்சை எடுக்கிற துறவி. மென்டேஷஸுக்கு ஒலியே வேணாம், வாக்கியம் போடுங்க. கோர்ட்டுல சாட்சிக்கூண்டு, புளுகுற சாட்சி. சாட்சி, அறிக்கை, விளம்பரம் மாதிரி பொய் இருக்கக்கூடிய இடத்துலதான் அது வரும். ஒண்ணுபோல இருக்கிற ரெண்டு சொல்லை ஒரே நாள்ல படிக்கவும் படிக்காதீங்க. ஒண்ணு நல்லா ஊறின பிறகு அடுத்ததைத் தொடுங்க.

மலைக்கோட்டை (6 வாரம் கழித்து)

எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். 1,100ல 400 சொல்லை மட்டும் வெச்சுக்கிட்டேன். தறிச்சத்தம் அண்ணா கிரிக்கெட் எடுத்தார், நான் என் வேலையையே எடுத்தேன், இடிஞ்ச பாலங்கள். அமெரிக்காவுல டகோமா நேரோஸ் பாலம் திறந்த நாலே மாசத்துல, 1940 நவம்பர் 7ஆம் தேதி, மணிக்கு 60 கிலோமீட்டர் சொச்சம் வேகத்துல அடிச்ச காத்துலயே முறுக்கிக்கிட்டு விழுந்துது. கல்லூரியில அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பாலம் அலை மாதிரி நெளியறது ‘அன்டுலேட்’. பக்கவாட்டுத் தகடு காத்தை மறிச்சு நிலைமையை மோசமாக்கினது ‘எக்ஸாசர்பேட்’. அகராதியே இல்லாம ரெண்டும் உள்ள போச்சு.

ஒரு அட்டையைக் காட்டறேன். முன்பக்கம் என் கையெழுத்துல ஒரு வாக்கியம்: ‘ஒரு கம்பி நழுவினது பாலத்தின் வீழ்ச்சியை ____’. பின்பக்கம் ‘பிரிசிப்பிடேட்’. இந்தச் சொல்லை எனக்குப் பதினொண்ணாவதுலயே தெரியும், கெமிஸ்ட்ரி லேப்ல டெஸ்ட் டியூப் அடியில வெள்ளையாத் தங்குற வீழ்படிவு. அதனாலதான் பட்டியல்ல ‘அவசரமான’ன்னு பார்த்ததும் தப்பா அச்சடிச்சிருக்காங்கன்னே நினைச்சேன். சார் சொன்ன மாதிரி வேரைப் பார்த்தேன், தலைகுப்புற விழுறதுன்னு இருந்துது. கரைசல்ல இருந்து தலைகுப்புற விழுந்தது வீழ்படிவு. யோசிக்காமத் தலைகுப்புற விழுந்து எடுத்த முடிவு அவசர முடிவு. ஒண்ணைத் திடீர்னு தலைகுப்புறத் தள்ளி விட்டா அது வினைச்சொல். மூணும் ஒரே படம். வீழ்படிவுன்னு பேர் வெச்சவங்க அந்த ‘வீழ்’ஐ விடாமப் பிடிச்சிருக்காங்க பாருங்க! அதைப் பார்த்தப்ப உடம்பு சிலிர்த்துது.

இப்ப கேள்வியைப் பார்த்ததும் ஆப்ஷனைக் கையால மறைச்சுக்கறேன். கோடிட்ட இடத்துல முதல்ல தமிழ்ல ஒரு சொல் போடறேன். ‘ஆல்தோ’, ‘ஃபார் ஃப்ரம்’ இருந்தா வாக்கியம் திரும்புதுன்னு பக்கத்துல அம்புக்குறி போடறேன். அப்புறம்தான் கையை எடுக்கிறேன். நேத்து எழுதின மாதிரித் தேர்வுல 27க்கு 19.

ஒரு சொல் மட்டும் அடங்க மாட்டேங்குது, ‘டெம்பர்’. கோபம்னு தெரியும். எஃகைக் கடினமாக்கின பிறகு மிதமாச் சூடு பண்ணி, அது உடையாம இருக்கிற அளவுக்குக் கொண்டுவர்றதும் டெம்பர்தான், அதுவும் தெரியும். ஆனா பத்தியில விமர்சனத்தை டெம்பர் பண்ணினார்னு வருது, உற்சாகத்தை டெம்பர் பண்ணினார்னு வருது. குறைச்சார்னு எழுதினா சரியாப் படலை. தமிழ்ல எந்தச் சொல் இதுக்கு உட்காரும்?

தறிச்சத்தம்

பதம். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பதம் பண்ணுவோம். கஞ்சி ஏறிப்போனா விறைச்சு அறுந்துடும், பத்தலைன்னா இழை பிரிஞ்சுடும். எங்கப்பா நூலை ரெண்டு விரல்ல நீவிப் பார்த்துட்டுத்தான் தறியில ஏத்துவார். அட்டையில ‘விமர்சனத்தைப் பதப்படுத்தினார்’னு எழுதிப் பாரும்மா.